சூரிக் விலை, சோஃபியா விலை: ஐரோப்பிய நகரங்களில் பயணிக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

ஆண்டுதோறும் 'உலகின் விலை உயர்ந்த நகரங்கள்' என்று ஒரு பட்டியல் செய்தியில் வரும். 2023இல் எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிட்ட பட்டியலில் சிங்கப்பூரும் சூரிக்கும் சேர்ந்து முதலிடம் பிடித்தன. அடுத்த ஆண்டு மெர்சர் நிறுவனத்தின் பட்டியல் வந்தது. அதில் ஹாங்காங், சிங்கப்பூருக்கு அடுத்து சூரிக், ஜெனீவா, பாசல், பெர்ன் என்று சுவிட்சர்லாந்து நகரங்கள் நான்கு வரிசையாக நின்றன. ஐரோப்பாவைப் பார்க்க வருஷக்கணக்கில் காசு சேர்த்து வைத்திருக்கும் ஒரு குடும்பம் இதைப் படித்துவிட்டு என்ன செய்யும்? சுவிட்சர்லாந்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த நாட்களை ஆம்ஸ்டர்டாமுக்கோ பாரிஸுக்கோ கொடுக்கும். அங்கே போன பிறகு அறை வாடகைக்கே பாதிப் பணம் கரைந்துவிட்டால், பட்டியலை நம்பியதில் ஒரு லாபமும் இல்லை.

பட்டியல்கள் பொய் சொல்லவில்லை. அவை வேறு ஒருவருக்காகப் போட்ட கணக்கு. பயணியின் கணக்கு வேறு. அதில் எந்த ஊர் என்பதைவிட எந்தத் தேதி, எந்தச் செலவு என்பவைதான் பல நேரம் தொகையைத் தீர்மானிக்கின்றன. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பட்டியல்கள் யாருக்காகப் போடப்படுகின்றன?

1. எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் பட்டியல்: மளிகை, உடை, வீட்டு வாடகை, தனியார் பள்ளிக் கட்டணம், வீட்டு வேலையாள் சம்பளம் என்று 200க்கும் மேற்பட்ட பொருள், சேவைகளின் விலையைச் சேகரித்து, டாலருக்கு மாற்றி, நியூயார்க்கை 100 என்று வைத்து ஒப்பிடுவது. வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்கள், அவர்களுக்கு எவ்வளவு படி கொடுப்பது என்று முடிவு செய்ய இது உதவும்.

2. மெர்சர் பட்டியல்: இதுவும் அதே நோக்கம்தான். வேலைக்காகக் குடிபெயர்ந்து போகிறவரின் செலவை அளக்கிறது.

3. யூரோஸ்டாட் விலை நிலைக் குறியீடு: ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகம் வெளியிடுவது. ஒன்றியத்தின் சராசரியை 100 என்று வைக்கிறது. 2023 கணக்குப்படி டென்மார்க் 143, பல்கேரியாவும் ருமேனியாவும் தலா 60. நம்பகமான எண்தான். ஆனால் இது நாடு முழுமைக்குமான, உள்ளூர்வாசிகளின் செலவு. நகரத்துக்கு என்று தனியாக இல்லை.

4. பிக் மேக் குறியீடு: 1986இல் எகனாமிஸ்ட் இதழ் தொடங்கியது. பல நாடுகளில் மெக்டொனால்ட்ஸ் விற்கும் ஒரே பர்கரின் விலையை வைத்து, ஒரு நாணயம் அதன் தகுதிக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்று பார்ப்பது.

பயணி பள்ளிக் கட்டணம் கட்டப் போவதில்லை. சலவைத் தூள் வாங்கப் போவதில்லை. அவருடைய கூடையில் இருப்பவை நான்குதான்: படுக்கை, சாப்பாடு, ஊருக்குள் போக்குவரத்து, நுழைவுச் சீட்டு. இந்த நான்கும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஏறி இறங்குவதில்லை. ஒன்று மலிவாக இருக்கும் ஊரில் இன்னொன்று கழுத்தைப் பிடிக்கும்.

ஒரே சாப்பாட்டுக்கு ஊருக்கு ஊர் ஏன் வேறு விலை?

ஒரு கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். சூரிக்கிலும் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலும் அதன் விலை பெரிதாக மாறாது. மாறினால், மலிவான ஊரில் வாங்கி மற்ற ஊரில் விற்க ஆள் வந்துவிடும். முடிவெட்டுவது அப்படி இல்லை. சோஃபியாவில் மலிவு என்பதற்காக சூரிக் ஆள் விமானம் ஏறிப் போய் முடிவெட்டிக்கொள்ள மாட்டார். ஆகவே ஒரு ஊரில் மனிதக் கையால் நடக்கும் வேலையின் விலையை அந்த ஊர்ச் சம்பளம்தான் முடிவு செய்கிறது. தொழிற்சாலையிலும் வங்கியிலும் ஒரு நாட்டின் உற்பத்தித் திறன் கூடினால், அங்கே சம்பளம் கூடும். அதைப் பார்த்து முடிதிருத்துபவரும் சமையல்காரரும் அதற்கு ஈடான சம்பளம் கேட்பார்கள். பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1964இல் தனித்தனியே இதை விளக்கினார்கள். இருவர் பெயராலும் இன்றுவரை இது பாடமாக இருக்கிறது.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஜெனீவா மாநில மக்கள் 2020 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, மணிக்கு 23 பிராங்க் குறைந்தபட்சக் கூலி என்று முடிவு செய்தார்கள். 2025இல் அது 24.48 பிராங்க். பல்கேரியாவில் அதே ஆண்டு குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,077 லெவ், அதாவது சுமார் 551 யூரோ. ஜெனீவாவில் நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு மூன்று நாளில் 587 பிராங்க் வந்துவிடும். பிராங்க் யூரோவைவிடக் கொஞ்சம் உயர்ந்தது. ஆக, சோஃபியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை ஜெனீவாவில் மூன்றே நாளில் சம்பாதித்துவிடலாம்.

பயணியின் பில்லில் இது எப்படி வந்து சேர்கிறது? விடுதி அறையைப் பெருக்கித் துடைத்து விரிப்பு மாற்ற அரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெனீவாவில் அந்த ஒரு வேலைக்கே 12 பிராங்குக்கு மேல் கூலி. காலைச் சாப்பாடு பரிமாறுபவர், வரவேற்பில் இரவெல்லாம் விழித்திருப்பவர், விரிப்பு துவைக்கும் சலவைக்காரர் என்று ஒவ்வொரு கையும் இதே கணக்கில் சேரும். அந்த ஊர் விலை அதிகம் என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு, அங்கே உழைப்பவருக்குக் கிடைக்கும் நியாயமான கூலி. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரிதான் காரணம் என்று பலர் நினைப்பதுண்டு. நம்மூர் ஜிஎஸ்டி போல அங்கே வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி உண்டு. சுவிட்சர்லாந்தில் அது 8.1 சதவீதம்தான், விடுதி அறைக்கு 3.8 சதவீதம். ஹங்கேரியின் பொது விகிதம் 27 சதவீதம், ஒன்றியத்திலேயே மிக அதிகம் (உணவகத்துக்கும் தங்குமிடத்துக்கும் அங்கே சலுகை விகிதம் உண்டு). ஆனாலும் புடாபெஸ்ட் மலிவு, சூரிக் விலை அதிகம். வரி விலையைக் கொஞ்சம் அசைக்கும்; ஊரின் விலை மட்டத்தைத் தூக்கி நிறுத்துவது சம்பளம்.

நாணயம் மாறினால் ஊரே மாறும்

உள்ளூரில் ஒரு பைசா ஏறாமலேயே ஒரு ஊர் பயணிக்கு விலை ஏறிவிடலாம். 2015 ஜனவரி 15 அன்று அதுதான் நடந்தது. ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்குக்குக் கீழே போகவிட மாட்டோம் என்று சுவிஸ் தேசிய வங்கி மூன்று ஆண்டுக்கு மேல் காத்துவந்த வரம்பை அன்று காலை கைவிட்டது. சில மணி நேரத்துக்குள் பிராங்க் யூரோவுக்குச் சமமாக ஏறிவிட்டது. முதல் நாள் 120 பிராங்க் அறைக்கு 100 யூரோ கொடுத்திருப்பவர், மறுநாள் அதே அறைக்குக் கிட்டத்தட்ட 120 யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று.

நார்வேயில் நேர்மாறாக நடந்தது. 2012இல் ஒரு யூரோவுக்கு சுமார் 7.5 குரோனர். 2023க்குப் பிறகு 11.5 குரோனர் அளவுக்குக் கிடைத்தது. 300 குரோனர் சாப்பாடு அன்றைக்கு 40 யூரோ. 11.5 குரோனர் விகிதத்தில் 26 யூரோ. இடையில் உள்ளூர் விலையும் ஏறியிருக்கிறது என்பதால் முழு லாபமும் கையில் நிற்காது. ஆனாலும் 'ஆஸ்லோவை நினைத்துக்கூடப் பார்க்காதே' என்ற பழைய அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டென்மார்க் தன் குரோனை யூரோவோடு கட்டிவைத்திருக்கிறது. அங்கே இந்த ஏற்ற இறக்கம் இல்லை. 2023 ஜனவரியில் குரோஷியாவும் 2026 ஜனவரியில் பல்கேரியாவும் யூரோவுக்கு மாறிவிட்டன. ரூபாயில் சம்பாதிப்பவர் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்: 2025இன் பிற்பகுதியில் ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டியது. ஐந்து வருஷத்துக்கு முன் ஒருவர் போய்வந்து சொன்ன ரூபாய்க் கணக்கு இன்று பயன்படாது. யூரோக் கணக்கைக் கேட்டு வாங்கி, இன்றைய விகிதத்தில் நாமே மாற்றிக்கொள்வதுதான் சரி.

படுக்கை: ஊரைவிடத் தேதி முக்கியம்

நான்கு செலவில் பெரியதும், ஊசலாடுவதும் இதுதான். ஒரு ஊரில் இருக்கும் அறைகள் எத்தனையோ அத்தனைதான். நாளைக்குக் கூட்டம் வருகிறது என்று இன்றைக்குக் கட்ட முடியாது. ஆகவே ஆள் கூடினால் விலை ஏறும்.

2023 மே மாதம் பாடகி பியான்சே தன் உலகச் சுற்றுப்பயணத்தை ஸ்டாக்ஹோமில் தொடங்கினார். இரண்டே கச்சேரிகள். அந்த மாதம் சுவீடனின் பணவீக்கம் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. விடுதி விலையேற்றத்தின் வழியாக அந்தக் கச்சேரிகள் மட்டுமே 0.2 சதவீதப் புள்ளி அளவுக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஒரு வங்கியின் பொருளாதார நிபுணர் கணித்தார். அந்த வாரம் வெறுமனே ஊர் பார்க்கப் போயிருந்தவரும் இந்த விலையைத்தான் கொடுத்திருப்பார்.

ஆண்டுதோறும் தவறாமல் வரும் நெருக்கடிகளும் உண்டு. ஆகஸ்டில் எடின்பரோ கலை விழாக்கள். செப்டம்பர் மூன்றாம் வாரவாக்கிலிருந்து மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட். பிப்ரவரி, மார்ச் வாக்கில் பார்சிலோனாவின் கைப்பேசி மாநாடு. ஏப்ரலில் மிலானின் வடிவமைப்பு வாரம்.

வாரத்துக்குள்ளேயும் ஒரு ஏற்ற இறக்கம் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ், பிராங்க்ஃபர்ட், ஜெனீவா, சூரிக் போன்றவை அலுவல் நகரங்கள். திங்கள் முதல் வியாழன் வரை அதிகாரிகளும் வங்கிக்காரர்களும் அறைகளை நிரப்புவார்கள். வெள்ளி இரவு காலியாகும், விலை இறங்கும். பிராக், பார்சிலோனா போன்ற உல்லாச நகரங்களில் வார இறுதியில்தான் கூட்டம். இரண்டு வகை ஊரையும் ஒரே பயணத்தில் வைத்திருப்பவர், அலுவல் நகரத்தை வார இறுதிக்கும் உல்லாச நகரத்தை வார நாட்களுக்கும் மாற்றிப் போட்டாலே போதும். ஒரு இடத்தையும் விடாமல் செலவு குறையும்.

அப்புறம் வரி. அறையின் அடிப்படை விலைக்கும் கடைசியில் கட்டும் தொகைக்கும் நடுவே ஒளிந்திருப்பது இது. ஆம்ஸ்டர்டாமைப் பார்ப்போம்.

1. அறையின் அடிப்படை விலை 200 யூரோ என்று வைத்துக்கொள்வோம்.
2. 2024 முதல் நகராட்சியின் பயணி வரி 12.5 சதவீதம்: 25 யூரோ.
3. 2025 வரை தங்குமிடத்துக்கு வாட் 9 சதவீதம்: 18 யூரோ. ஆக மொத்தம் 243.
4. 2026 ஜனவரி முதல் வாட் 21 சதவீதம்: 42 யூரோ. ஆக மொத்தம் 267.

அறையும் அதே, கட்டிலும் அதே. ஓர் இரவுக்கு 24 யூரோ கூடுதல். வீடுகளை வாடகைக்கு விடுவதையும் நகரங்கள் இறுக்குகின்றன. ஆம்ஸ்டர்டாமில் சொந்த வீட்டை ஆண்டுக்கு 30 இரவுக்கு மேல் பயணிகளுக்கு விட முடியாது. பார்சிலோனா, சுமார் 10,000 சுற்றுலா வீட்டு உரிமங்களை 2028க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு வாடகை வீடு கிடைக்காத நிலை முற்றியதால் வந்த முடிவுகள் இவை. ஆனால் குடும்பமாகப் போய்ச் சமைத்துச் சாப்பிடலாம் என்று நினைப்பவருக்கு வாய்ப்பு குறைகிறது.

சாப்பாடு: உட்காரும் இடத்துக்கும் விலை உண்டு

இத்தாலியில் ஒரு காப்பிக் கடைக்குள் போனால் சுவரில் விலைப்பட்டியல் தொங்கும். பல கடைகளில் அதில் இரண்டு வரிசை இருக்கும்: ஒன்று நின்று குடிப்பவருக்கு, இன்னொன்று மேசையில் உட்காருபவருக்கு. உள்ளூர்க்காரர் கல்லாவில் காசு கொடுத்து, சீட்டை வாங்கி, மேடையோரம் நின்றபடி இரண்டு மடக்கில் எஸ்பிரெஸ்ஸோவை முடித்துவிட்டுப் போய்விடுவார். அதே காப்பியைச் சதுக்கத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் விலை இரட்டிப்பாகவோ அதற்கு மேலோ போகும். உணவகங்களில் கோபெர்த்தோ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ தனியாகச் சேர்ப்பதும் உண்டு. இது ஏமாற்று இல்லை; விலை அட்டையில் அச்சிட்டே இருக்கும். நாம்தான் அடிவரி வரை படிக்க வேண்டும். லண்டனில் பில்லோடு 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்துவருவது வழக்கம். பிரான்சில் அது விலைக்குள்ளேயே அடங்கிவிடும். தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மதியச் சாப்பாட்டையே பெரிய வேளையாக வைத்துக்கொள்வது பல ஊரில் காசை மிச்சப்படுத்தும். ஸ்பெயினின் மெனு தெல் தியா, சுவீடனின் தகென்ஸ் லுஞ்ச் எல்லாம் உள்ளூர் ஊழியர்களுக்காக வார நாட்களில் போடும் முழுச் சாப்பாடு. இரவில் அதே உணவகத்தில் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும். போலந்தில் 'பால் கடை' என்று பொருள்படும் பார் மிலெச்னி உணவகங்கள் அரசு மானியத்தோடு நடக்கின்றன. உருளைக்கிழங்கும் பாலாடைக் கட்டியும் வைத்த பியெரோகி, பீட்ரூட் சூப் என்று இறைச்சி இல்லாத பண்டங்கள் அங்கே நிறைய. பாரிஸில் வட ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும். பாரிஸ் உணவக விலையோடு பார்த்தால் அது வயிற்றுக்கும் பைக்கும் நிம்மதி.

தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சூரிக்கில் 1,200க்கும் மேற்பட்ட பொது நீரூற்றுகள் இருக்கின்றன, பெரும்பாலும் குடிக்கத் தகுந்த நீர். ரோமின் தெருக்களில் நாசோனி என்ற இரும்புக் குழாய்கள் நிற்கின்றன. பெரிய மூக்கு என்று பொருள். கீழே வளைந்த வாயை விரலால் அடைத்தால், மேலிருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வாய்க்கு நேராக வரும்.

போக்குவரத்தும் நுழைவுச் சீட்டும்

விலை அதிகம் என்று பெயரெடுத்த ஊர்கள் இங்கே கைகொடுப்பதுண்டு. ஜெனீவா, பாசல், பெர்ன் மூன்றிலும் விடுதியில் தங்குபவருக்கு ஊருக்குள் பஸ், டிராம் எல்லாம் இலவசமாக ஒரு சீட்டு கொடுத்துவிடுவார்கள். சூரிக்கில் அது கிடையாது. லக்ஸம்பர்க் நாடு முழுவதும் 2020 முதல் பொதுப் போக்குவரத்து எல்லாருக்கும் இலவசம். முதல் வகுப்பு ரயிலுக்கு மட்டும் கட்டணம். லண்டனில் ஒரே அட்டையைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே போனால், ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற வரம்புக்கு மேல் பிடிக்க மாட்டார்கள்.

பாரிஸில் 2025 விலைப்படி மெட்ரோ ஒருமுறைக்கு 2.50 யூரோ, விமான நிலையப் பயணம் 13 யூரோ. போகவர 26, ஊருக்குள் ஐந்து பயணம் 12.50 என்றால் 38.50 ஆகிவிடுகிறது. விமான நிலையத்தையும் சேர்த்த வாரச் சீட்டு 31.60, அட்டைக்கு 5; மொத்தம் 36.60. ஆனால் அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடியும். வெள்ளிக்கிழமை வந்து செவ்வாய் திரும்புகிறவருக்கு அது பயன்படாது. இங்கேயும் தேதிதான்.

மலிவு விமானச் சீட்டு வாங்குமுன் இறங்கும் இடத்தை வரைபடத்தில் பாருங்கள். பாரிஸ் பெயரில் விற்கப்படும் போவே விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா சுமார் 100.

நுழைவுச் சீட்டில் லண்டன் தாராளம். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. பாரிஸின் லூவ்ர் 2024இல் 22 யூரோ ஆக்கியது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. பெரியவர் இருவருக்கு 64. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசம். மாட்ரிட்டின் பிராடோவில் தினமும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்.

எத்தனை நாள் போனாலும் மாறாத செலவு

ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும், 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீட்டுக்குக் கட்டும் தொகையும் தனி. ஒரு விசாவில் 29 நாடுகளுக்குப் போகலாம். லண்டனும் டப்ளினும் அதற்கு வெளியே. அவற்றுக்குத் தனி விசா, தனிக் கட்டணம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இது நேரடிச் செலவு. பாரிஸோடு இரண்டு நாள் லண்டனைச் சேர்த்தால், அந்த விசாச் செலவு முழுவதும் அந்த இரண்டு நாள் தலையில்தான் விழும். அருங்காட்சியகம் இலவசம் என்ற லாபம் அதிலேயே போய்விடும். லண்டனில் பத்து நாள் இருப்பவருக்கு அதே கட்டணம் ஒரு பொருட்டில்லை. மலிவான ஒரு ஊரைச் சேர்க்கிறோமே என்று நினைக்கும்போது, அங்கே போய்வரும் ரயில் சீட்டையும் அந்த ஊர் நாட்களால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

அட்டையைத் தட்டும் அந்த நொடி

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் வராத ஒரு கசிவு. உணவகத்தில் இயந்திரத்தை நீட்டுவார்கள். திரையில் இரண்டு தொகை தெரியும்: ஒன்று யூரோவில், ஒன்று ரூபாயில். ரூபாய் நமக்குப் பழகியது என்பதால் விரல் அங்கேதான் போகும். அதைத் தொட்டால், நாணய மாற்று விகிதத்தை முடிவு செய்வது கடைக்காரர் பக்கத்துச் சேவை நிறுவனம். அதன் லாபம் அந்த விகிதத்துக்குள்ளேயே இருக்கும். யூரோவைத் தொட்டால் நம் வங்கியின் விகிதமும் அதன் கட்டணமும்தான். பெரும்பாலும் இரண்டாவதுதான் மலிவு. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். சூரிக்கில் பிராங்க், பிராக்கில் கொருனா, பாரிஸில் யூரோ: நிற்கும் ஊரின் நாணயத்தைத் தொடுங்கள்.